எல்லையில் மாறுவதே உள்ளே தெரியும்: மின்காந்த சிமுலேஷன் – ஒரு வகுப்பறைச் செயல்பாடு

சிதம்பரத்தை அடுத்த பரங்கிப்பேட்டையில் வெள்ளாறு கடலில் கலக்கிறது. முகத்துவாரத்தில் கடல் ஏறினால் ஆற்றுக்குள்ளும் நீர் ஏறும், இறங்கினால் இறங்கும். ஒரு சுற்று முடிய ஏறத்தாழ 12 மணி 25 நிமிடம் ஆகும். உள்ளே எந்த இடத்திலும் நீர்மட்டத்தைக் கணக்கிட வேண்டுமானால், முகத்துவாரத்தில் அது நேரத்தோடு எப்படி மாறுகிறது என்று முதலில் தெரிய வேண்டும். இதுவே காலத்தைச் சார்ந்த எல்லை நிபந்தனை.

மின்மாற்றிக்கு முதன்மைச்சுருளின் முனைகளே முகத்துவாரம். உள்ளே உள்ள புலங்களை மேக்ஸ்வெல் சமன்பாடுகளைக் கொண்டு மென்பொருள் கணக்கிடும். முனைகளில் நிகழ்வதை நாம்தான் சொல்ல வேண்டும். அப்போது மூன்றைக் கவனிக்க வேண்டும்.

1. மாறாத 230 வோல்ட் கொடுத்தால், தொடக்கநிலை மாற்றம் அடங்கியபின் துணைச்சுருளில் மின்னழுத்தம் சுழியாகும். காந்தப்பாயம் மாறினால்தான் மின்தூண்டல் நிகழும் என்பது 1831இல் ஃபாரடே கண்டறிந்தது.

2. வீட்டு மின்சாரத்தின் 230 வோல்ட் என்பது சராசரி இருமடிமூல மதிப்பு. சைன் அலைக்குத் தர வேண்டிய பெரும மதிப்பு 230 × 1.414, அதாவது ஏறத்தாழ 325 வோல்ட்.

3. அதிர்வெண் 50 ஹெர்ட்ஸ் என்பதால் ஒரு சுற்றுக்கு 20 மில்லிவினாடி. கணக்கிடும் கால இடைவெளி இதைவிட மிகச் சிறியதாக இருக்க வேண்டும்.

செயல்பாடு

பள்ளிக் கணினியில் விரிதாள் ஒன்றைத் திறக்கச் செய்யுங்கள். முதல் நெடுவரிசையில் நேரத்தை வினாடியில் எழுதட்டும். இரண்டாவதில் 325 × சைன் (314.16 × நேரம்) என்ற சூத்திரம். கணினி கோணத்தை ரேடியனில் எடுத்துக்கொள்வதால், 2 × 3.1416 × 50 = 314.16.

முதலில் இடைவெளியை 20 மில்லிவினாடியாக வைக்கலாம். எல்லா மதிப்புகளும் சுழியை ஒட்டியே வரும். வரைபடம் படுத்த கோடாகத் தெரியும். 5 மில்லிவினாடி வைத்தால் 0, 325, 0, –325 என்று முக்கோண வடிவம் கிடைக்கும். 1 மில்லிவினாடியில் சைன் அலை தெளிவாகும். சூத்திரம் மூன்றிலும் ஒன்றே. முதல் இரண்டிலும் கணினி பிழை என்று எச்சரிக்கவில்லை என்பதை மாணவர்களே கவனிக்கட்டும்.

மதிப்பீட்டு வினா: கடலூர் துறைமுகத்தில் நீர்மட்டத்தை 12 மணி 25 நிமிடத்துக்கு ஒருமுறை மட்டும் இரண்டு நாள் அளந்தால், கடல் ஏறி இறங்குவது தெரியுமா? காரணத்தை மாணவர்கள் தம் சொற்களில் எழுதினால், கருத்து புரிந்துவிட்டது எனக் கொள்ளலாம்.