வெள்ளம் வடிந்த சாலையில்: சீரமைப்புப் பணியிடங்களில் உயிர் காக்கும் பாடம்

பாடத்தின் நோக்கம்

பெருமழைக்குப் பின் சாலையோரங்களில் நடைபெறும் சீரமைப்புப் பணிகளின்போது வாகன ஓட்டுநர், பணியாளர், பாதசாரி ஆகிய மூவரும் தம்மையும் பிறரையும் காத்துக்கொள்வது எவ்வாறு என்பதை இப்பாடம் விளக்குகிறது. வளைகுடா நாடுகளில் வாழும் தமிழர்களுள் வாகனம் ஓட்டுவோரும் உளர். சாலையில் நின்று பணிபுரிவோரும் உளர். எனவே இரு சாராரும் இப்பாடத்தை முழுமையாகப் படித்தல் நன்று.

1. நிகழ்ந்தது என்ன?

2024 ஏப்ரல் 16 அன்று ஐக்கிய அரபு அமீரகத்தில் பெய்த மழை, 1949இல் பதிவுகள் தொடங்கிய காலத்திலிருந்து 75 ஆண்டுகளில் காணாத பெருமழையாகும். அல் ஐன் பகுதியைச் சேர்ந்த கத்ம் அல் ஷக்லாவில் 24 மணி நேரத்திற்குள் 254.8 மில்லிமீட்டர் மழை பதிவாயிற்று. அமீரகத்தின் பெரும்பகுதியில் ஓராண்டு முழுவதும் பெய்யும் மழை சராசரியாக 100 மில்லிமீட்டர் அளவினதே என்பதை எண்ணிப் பார்த்தால் இதன் கடுமை விளங்கும். துபாயின் ஷேக் சாயித் சாலை, ஷேக் முகமது பின் சாயித் சாலை போன்ற பெருவழிகள் நீரில் மூழ்கின. ஷார்ஜாவின் சில குடியிருப்புப் பகுதிகளில் ஒரு வாரத்திற்கு மேலும் நீர் தேங்கி நின்றது. அதற்கு இரு நாள் முன்பு, ஏப்ரல் 14 அன்று, ஓமானின் சமத் அல் ஷான் பகுதியில் பள்ளி மாணவர்கள் சென்ற வாகனம் வெள்ளத்தில் அடித்துச் செல்லப்பட்டு, அவர்களுள் பலர் உயிரிழந்தனர்.

அமீரகத்தில் உயிரிழந்தோருள் மூவர் பிலிப்பைன்ஸ் நாட்டுத் தொழிலாளர்கள். இருவர் வெள்ளத்தில் சிக்கிய வாகனத்திற்குள் மூச்சுத்திணறி இறந்தனர். மற்றொருவர் சென்ற வாகனம், சாலை உள்வாங்கியதால் ஏற்பட்ட பள்ளத்தில் விழுந்தது. இந்த மூன்றாவது மரணமே நம் பாடத்தின் மையம். அங்கு அவர் உயிரைப் பறித்தது நீரன்று. நீர் அரித்த நிலமே.

இத்தகைய துயரம் நம் மண்ணிலும் நேர்ந்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது, சென்னை வேளச்சேரி ஃபைவ் ஃபர்லாங் சாலையில் கட்டடப் பணிக்காகத் தோண்டப்பட்ட ஆழமான பள்ளத்தின் ஓரம் சரிந்தது. அதில் சிக்கிய தொழிலாளர் இருவர் உயிரிழந்தனர். நீர் நிறைந்த அப்பள்ளத்திலிருந்து அவர்களின் உடல்களை மீட்கப் பல நாள்கள் ஆயின.

2. இப்பணியிடம் ஏன் வேறுபட்டது?

வழக்கமான சாலைப் பணி முன்கூட்டியே திட்டமிடப்படுவது. எச்சரிக்கைப் பலகை, தடுப்பு, மாற்றுப்பாதை ஆகியவை ஆயத்தமான பின்னரே பணி தொடங்கும். வெள்ளத்திற்குப் பிந்தைய பணியோ அவசரத்தில் பிறப்பது. நேற்று இல்லாத தடுப்பு இன்று இருக்கும். காலையில் திறந்திருந்த தடம் மாலையில் மூடியிருக்கும். ஆதலின், நன்கு பழகிய பாதையையும் புதிய பாதையாகக் கருதுதல் வேண்டும்.

பின்வரும் அபாயங்களைக் குறிப்பாக அறிந்துகொள்க:

• தாரின் மேற்பரப்பு முழுமையாகத் தோன்றினும், அதனடியில் மணல் அரிக்கப்பட்டு வெற்றிடம் உருவாகியிருக்கலாம்.
• நீரின் வேகத்தால் மேன்ஹோல் மூடிகள் பெயர்ந்திருக்கலாம். கலங்கிய நீருக்கடியில் அவை கண்ணுக்குப் புலப்படா.
• சாலையில் படிந்த மென்மணல், உலர்ந்த பின்னரும் சக்கரங்களை வழுக்கச் செய்யும்.
• நனைந்த மின்பெட்டி, விளக்குக் கம்பம் ஆகியவற்றில் மின்சாரம் பாயக்கூடும்.
• நீர் உறிஞ்சும் டேங்கர் லாரிகளும் பம்புகளின் குழாய்களும் பாதையின் குறுக்கே இருக்கும்.

3. வாகனம் ஓட்டுவோர்க்கு

முதற்கண் ஓர் எளிய கணக்கு. மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வாகனம் ஒரு நொடியில் ஏறத்தாழ 28 மீட்டர் கடக்கிறது. கைப்பேசியை இரண்டு நொடி நோக்கினால், 56 மீட்டர் தொலைவைக் கண்மூடிக் கடந்ததற்கு ஒப்பாகும். அபாயத்தைக் கண்டு பிரேக்கை மிதிக்க ஒன்றரை நொடி ஆகும் எனக் கொள்வோம். ஈரமான சாலையில் மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வாகனம் முற்றாக நிற்க ஏறத்தாழ 60 மீட்டர் தேவை. 100 கிலோமீட்டர் வேகத்தில் ஏறத்தாழ 140 மீட்டர் தேவை. வேகம் இரு மடங்கானால், பிரேக் பிடித்த பின் ஓடும் தூரம் நான்கு மடங்காகும். மணல் படிந்த சாலையில் இத்தூரங்கள் மேலும் நீளும். கூம்புகளைக் கண்ட பிறகு வேகம் குறைக்கலாம் என எண்ணுவோர்க்கு அதற்கான தூரமே இராது.

ஆகவே:

• முதல் எச்சரிக்கைப் பலகையைக் கண்டவுடனே வேகத்தைக் குறைக்கவும். அபுதாபியின் பெருவழிகளில் மழைக்காலங்களில் மின்னணுப் பலகைகள் காட்டும் குறைந்த வேக வரம்பைப் பின்பற்றவும்.
• தடம் குறுகும் இடத்தில் முன்னதாகவே இணைந்துகொள்ளவும். கூம்புகளுக்கு இடையே புகுந்து முந்த வேண்டா. அங்கே ஒருவர் குனிந்து பணியாற்றிக்கொண்டிருக்கலாம்.
• கொடி காட்டும் பணியாளரின் சைகைக்குப் பணியவும்.
• ஓடும் வாகனத்தில் அபாய விளக்குகளை எரியவிட வேண்டா. நீங்கள் நின்றுவிட்டீர்களா, தடம் மாறுகிறீர்களா என்பது பின்வருவோர்க்கு விளங்காமற் போகும்.
• தேங்கிய நீரின் ஆழம் தெரியாவிடில் திரும்பிச் செல்லவும். ஏறத்தாழ 30 சென்டிமீட்டர் ஆழமுள்ள ஓடும் நீர் சிறிய கார்களை மிதக்கச் செய்யும். 60 சென்டிமீட்டர் நீர் பெரும்பாலான வாகனங்களை இழுத்துச் செல்லும்.
• படம் எடுப்பதற்காகப் பணியிடத்தின் அருகே வாகனத்தை நிறுத்த வேண்டா.

4. சாலையில் பணியாற்றுவோர்க்கு

ஒளிரும் மேலங்கி அணிந்திருப்பதாலேயே ஓட்டுநர் உங்களைக் கண்டுவிட்டார் என நம்பிவிட வேண்டா. மேலங்கி காணச் செய்யும், காக்காது. உங்களுக்கும் வாகனங்களுக்கும் இடையே உள்ள தூரமும் தடுப்புமே காக்கும்.

கூம்புகளை வைக்கும்போது, வாகனங்கள் வரும் திசையில் முதல் எச்சரிக்கைப் பலகையிலிருந்து தொடங்கிப் பணியிடத்தை நோக்கி வரவும். அகற்றும்போது இவ்வரிசையைத் தலைகீழாக்கவும். காப்பரணாகக் கனரக வாகனம் நிறுத்தப்பட்டிருப்பின், அதனை ஒட்டி நிற்க வேண்டா. மோதலில் அது முன்னோக்கித் தள்ளப்படும். வாகனப் போக்கிற்கு முதுகு காட்டி நிற்பதைத் தவிர்க்கவும். தவிர்க்க இயலாவிடில், கண்காணிப்பதற்கென ஒருவரை நிறுத்தவும். பணியைத் தொடங்குமுன், வாகனம் தடம் மாறிப் பாய்ந்து வந்தால் எப்பக்கம் ஓடுவது என்பதைக் குழுவினர் ஒவ்வொருவரும் தீர்மானித்துக்கொள்ள வேண்டும்.

பின்னோக்கி வரும் டேங்கர் லாரிக்கும் சுவருக்கும் இடையே ஒருபோதும் நிற்க வேண்டா. ஓட்டுநரின் கண்ணாடியில் அவர் முகம் உங்களுக்குத் தெரியவில்லை எனில், நீங்களும் அவருக்குத் தெரியவில்லை எனக் கொள்க.

டீசல் அல்லது பெட்ரோல் பம்பையும் ஜெனரேட்டரையும் அடித்தள வாகன நிறுத்தத்திற்குள் இயக்குதல் கூடாது. அவற்றின் புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடு மணமற்றது, நிறமற்றது, உயிரைக் கொல்வது. அவ்வாறே, உரிய பயிற்சியும் வாயு அளவியும் மீட்புக் கயிறும் இன்றி மேன்ஹோலுக்குள் இறங்க வேண்டா. உள்ளே மயங்கி விழுந்தவரை மீட்க முன்பின் பாராது குதித்தவரும் அங்கேயே மடிவது, இத்தொழிலில் மீண்டும் மீண்டும் நிகழும் துயரமாகும். உள்ளே இறங்காமல் உடனே 997ஐ அழைப்பதே அவரைக் காக்கும் வழி.

5. குடியிருப்போர்க்கும் தன்னார்வலர்க்கும்

அண்டை வீட்டார்க்கு உதவும் எண்ணம் போற்றுதற்குரியது. எனினும், பதிவு பெற்ற அமைப்பின் வழியாகவே தன்னார்வப் பணியில் ஈடுபடவும். வீட்டிலிருந்து அகற்றிய நனைந்த பொருள்களைச் சாலையின் தடத்திலோ மழைநீர் வடிகால் மீதோ குவிக்க வேண்டா. பிள்ளைகளைத் தேங்கிய நீரில் விளையாட அனுமதியாதீர். நடைபாதை மூடப்பட்டிருப்பின், சாலையில் இறங்கி நடக்காமல் மறுபுற நடைபாதைக்குக் கடவுப்பாதை வழியே செல்லவும்.

6. சட்டமும் உரிமையும்

2023 மே மாதம் அமீரகத்தில் அறிவிக்கப்பட்ட விதிகளின்படி, வெள்ளம் ஓடும் வாடி எனப்படும் பள்ளத்தாக்கிற்குள் வாகனத்துடன் நுழைந்தால் 2,000 திர்ஹம் அபராதமும் 23 கரும்புள்ளிகளும் உண்டு. வாகனம் 60 நாள்கள் பறிமுதல் செய்யப்படும். மழைக்காலத்தில் அத்தகைய இடங்களில் கூடி நின்றால் 1,000 திர்ஹம் அபராதமும் 6 கரும்புள்ளிகளும் விதிக்கப்படும். 2025 மார்ச் முதல் நடைமுறையிலுள்ள போக்குவரத்துச் சட்டம் இவ்வகைக் குற்றங்களுக்கான தண்டனையை மேலும் கடுமையாக்கியுள்ளது.

தனியார் துறைத் தொழிலாளர்க்கு, 2021ஆம் ஆண்டின் 33ஆம் எண் கூட்டாட்சிச் சட்டம் பாதுகாப்பு அளிக்கிறது. பாதுகாப்புச் சாதனங்களை வழங்குவது முதலாளியின் கடமை. பணியில் காயமுற்றால் சிகிச்சைச் செலவை முதலாளியே ஏற்றல் வேண்டும். சிகிச்சைக் காலத்தில் ஆறு மாதம் வரை முழு ஊதியமும், அதன் பின்னரும் சிகிச்சை நீடிப்பின் அடுத்த ஆறு மாதம் வரை பாதி ஊதியமும் பெற உரிமை உண்டு. பணியிடத்தில் கடும் அபாயம் உள்ளதை அறிந்தும் முதலாளி களையாவிடில், அறிவிப்புக் காலமின்றி வேலையிலிருந்து விலகவும் சட்டத்தில் இடமுண்டு.

அமீரகத்தின் அவசர எண்கள்: காவல்துறை 999, ஆம்புலன்ஸ் 998, தீயணைப்பும் குடிமைப் பாதுகாப்பும் 997. ஓமானில் 9999, கத்தாரிலும் பஹ்ரைனிலும் 999, குவைத்தில் 112.

7. பயிற்சி வினாக்கள்

அ. மேற்பார்வையாளர், "ஐந்து நிமிட வேலைதானே, கூம்பு வேண்டா" என்கிறார். உங்கள் விடை யாது?
விடை: மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் வரும் வாகனம் ஐந்து நிமிடத்தில் எட்டுக் கிலோமீட்டருக்கு மேல் கடந்துவிடும். சிறு பணிக்கும் முழுத் தடுப்பு தேவை என மரியாதையுடன் வலியுறுத்துக.

ஆ. நேற்றிரவு கடந்து வந்த சாலையில் இன்று சிறு விரிசலும் சற்றுத் தாழ்ந்த தாரும் தென்படுகின்றன. என் செய்வீர்?
விடை: அதன்மேல் ஓட்ட வேண்டா, நடக்கவும் வேண்டா. பாதுகாப்பான தொலைவில் நின்று காவல்துறைக்குத் தெரிவிக்கவும்.

இ. கூம்புகளுக்கு அப்பால் எவரும் பணிபுரியவில்லை. சாலை வெறுமையாகத் தோன்றுகிறது. கூம்புகளைத் தாண்டிச் செல்லலாமா?
விடை: கூடாது. அங்கே ஆள் இல்லாவிடினும் பள்ளம் இருக்கலாம்.

நிறைவாக

2024 ஜூனில் துபாய் அரசு, 3,000 கோடி திர்ஹம் மதிப்பிலான 'தஸ்ரீஃப்' மழைநீர் வடிகால் திட்டத்தை அறிவித்தது. அது 2033க்குள் நிறைவுறும் எனத் திட்டமிடப்பட்டுள்ளது. ஆகவே, சாலையோரப் பணியிடங்கள் இனிவரும் பல ஆண்டுகளுக்கு நம் அன்றாடப் பயணத்தின் பகுதியாகவே இருக்கும். அங்கே நிற்பவர் ஊரிலுள்ள ஒரு குடும்பத்தை நடத்துபவர். வாகனத்தில் செல்பவரும் அவ்வாறே. இருவரும் மாலையில் நலமுடன் திரும்ப வேண்டுமெனில், ஒருவர் வேகத்தைக் குறைத்தல் வேண்டும். மற்றவர் விழிப்புடன் நிற்றல் வேண்டும். இப்பக்கத்தை உங்கள் தங்குமிடத்தின் அறிவிப்புப் பலகையில் ஒட்டி, படிக்க இயலாத நண்பர்க்கு வாசித்துக் காட்டவும்.