குறுகிய டயரும் மலைப்பாதையும்

போடிநாயக்கனூரிலிருந்து தோட்டத் தொழிலாளரை ஏற்றிக்கொண்டு ஏலமலைக்கும் குரங்கணிக்கும் செல்லும் ஜீப்புகளைக் காண்போர், கனத்த வண்டிக்கு அகன்ற டயரன்றோ வேண்டும் என்பர். அஃது ஓரளவே உண்மை.

ஒரு சக்கரத்தின்மேல் 400 கிலோ பாரமும், டயரினுள் சதுர சென்டிமீட்டருக்கு 2 கிலோ காற்றழுத்தமும் இருப்பின், தரையைத் தொடும் பரப்பு ஏறக்குறைய 200 சதுர சென்டிமீட்டராகும். அகன்ற டயரில் அப்பரப்பு குறுக்கே விரியும். குறுகியதில் நெடுக நீளும். பரப்பு ஒன்றே, வடிவமே வேறு.

ஐப்பசி மழையில் இவ்வேறுபாடு உயிர் காக்கும். கெட்டித் தரையின்மேல் விரற்கடையளவு சேறு படிந்திருக்குமாயின், குறுகிய டயர் அதனைப் பிளந்து அடித்தரையைப் பற்றும்; அகன்றதோ மேலே மிதந்து வழுக்கும். பனிநாடாகிய ஸ்வீடனின் மோட்டார்ப் பந்தயத்தில் குறுகிய ஆணி டயர்களைப் பூட்டுவதும் இதுபற்றியே. 1941 முதல் போருக்கெனச் செய்யப்பட்ட வில்லிஸ் ஜீப்பின் டயரும் 6 அங்குல அகலத்ததே. ஆயினும் அடிகாணாச் சேற்றிலும் மணலிலும் அகன்றதே நன்று. இதனை மறைத்தல் நேர்மையன்று.

நிற்க. மூட்டை ஏற்றிய டிரெய்லரை இழுப்போர், அகலத்தினும் டயரின் பக்கச்சுவரில் பொறித்துள்ள பார அளவையே முதலில் நோக்குக. காற்றுக் குறைந்த டயரின் பக்கச்சுவர் மடங்கி மடங்கிச் சூடேறும்; கொண்டை ஊசி வளைவில் இறங்குங்கால் பின்வண்டி முன்வண்டியைத் தள்ளும். ஆதலின் புறப்படுமுன், டயர் குளிர்ந்திருக்கும்போதே காற்றை அளந்துகொள்க.