அஞ்சுதலும் அறிதலும்

முன்னுரை

'இறையச்சம்' என்னும் சொல் தமிழ் முஸ்லிம்களின் நாவில் நாள்தோறும் வழங்குவது. வெள்ளிக்கிழமைப் பயானிலும் மதரஸாப் பாடத்திலும் மணமக்களுக்குக் கூறும் அறிவுரையிலும் அது தவறாமல் இடம்பெறுகிறது. 'தக்வா' என்னும் அரபுச் சொல்லுக்கு நிகராக நம் முன்னோர் இதனை ஆக்கிக்கொண்டனர். சொல் நமக்கு நன்கு பழகிவிட்டது. பொருள் பழகிற்றா என்பது ஆராயத்தக்கது. இறைவன் எந்நேரமும் நம்மைப் பார்த்துக்கொண்டிருக்கிறான் என்னும் உணர்வோடு வாழ வேண்டும் என்று கற்பிக்கிறோம். அவ்வுணர்வு மனிதனை நடுங்கச் செய்வதா, நிமிரச் செய்வதா? இவ்வினாவிற்குத் தமிழ் இலக்கண மரபையும் இஸ்லாமிய மெய்ஞ்ஞான மரபையும் ஒருங்கு வைத்து விடை காண முயல்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இவ்வினா ஏட்டளவில் நின்றுவிடுவதன்று. அச்சத்தை மட்டுமே சமயமாகக் கற்கும் பிள்ளைக்கு இரண்டில் ஒன்று நேரக் காண்கிறோம். சிலரிடம் அச்சம் மரத்துப் போகிறது. பிரம்பு கண்ணுக்குத் தெரியாத ஊருக்குப் போனதும் தொழுகை அவர்களிடம் விடைபெறுகிறது. வேறு சிலரிடம் அச்சம் பெருகி நெஞ்சை அழுத்துகிறது. தன்னை இறைவன் மன்னிக்கவே மாட்டான் என்று ஓர் இளம் உள்ளம் யாரிடமும் சொல்லாமல் நம்பிக்கொண்டிருப்பதைவிடப் பெரிய துயரம் எது? ஆகவே, சொல்லின் பொருளைத் தெளிதல் ஈண்டு வாழ்வின் தேவையாகிறது.

தொல்காப்பியர் கண்ட அச்சம்

தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் எண்வகை மெய்ப்பாடுகளுள் ஒன்றாக அச்சத்தை வைக்கிறார். அது தோன்றும் களங்கள் நான்கு என்பது அவர் கருத்து. அணங்கு, விலங்கு, கள்வர், இறை என்பன அவை. கண்ணுக்குப் புலப்படாது வருத்தும் ஆற்றல், உயிரைப் பறிக்கும் கொடுவிலங்கு, உடைமையைப் பறிக்கும் கள்வர், ஒறுக்கும் அதிகாரம் படைத்த அரசர் என இவற்றை விளங்கிக்கொள்ளலாம்.

இந்நான்கிற்கும் பொதுவான தன்மை ஒன்றுண்டு. அஞ்சியவன், தான் அஞ்சும் பொருளை விட்டு விலகி ஓடவே விரும்புவான். புலியைக் கண்டவன் புலியின் அருகில் செல்வதில்லை. அரசனது சினத்திற்கு ஆளானவன் அவன் கண்ணிற்படாத இடத்தைத் தேடுகிறான்.

இறைவன்பால் கொள்ளும் அச்சமும் இவ்வகையினதாயின், அவனை மறப்பதும் அவன் நினைவிலிருந்து ஒளிவதுமே அதன் விளைவாக இருக்க வேண்டும். ஆனால் திருக்குர்ஆனின் 51ஆம் அத்தியாயம் இறைவனை நோக்கி விரைந்தோடுமாறு மக்களை அழைக்கிறது. பிறவற்றுக்கு அஞ்சியவன் அவற்றை விட்டு ஓடுவான், இறைவனுக்கு அஞ்சியவனோ அவனிடமே ஓடுவான் என்னும் கருத்து சூஃபிகளிடையே வழங்கி வந்துள்ளது. எனவே இந்த அச்சம் தொல்காப்பியர் எண்ணிய நான்கினுள் அடங்காத ஐந்தாவது ஒன்று எனலாம். பெயர் ஒன்றாயினும் இயல்பு வேறு.

ஒரு சொல்லுள் மூன்று சொற்கள்

திருக்குர்ஆனில் வரும் கவ்ஃப், கஷ்யத், தக்வா என்னும் மூன்று சொற்களையும் நாம் பெரும்பாலும் 'அச்சம்' என்றே பெயர்த்து விடுகிறோம். மூன்றும் ஒன்றல்ல. தீங்கு வரும் என்று எதிர்பார்த்து உள்ளம் கலங்குவது கவ்ஃப். ஒன்றன் பெருமையை அறிந்ததனால் உள்ளம் பணிவது கஷ்யத். அறிவின் வழியே பிறக்கும், மதிப்புக் கலந்த அச்சம் என இதனைத் திருக்குர்ஆன் சொற்களுக்கு அகராதி கண்ட ராகிப் அல் இஸ்ஃபஹானி விளக்குவார். தக்வா என்பதன் வேர்ப்பொருளோ காத்தல் என்பதாகும். முள் நிறைந்த வழியில் ஆடையைத் திரட்டிப் பிடித்து, அடி பார்த்து நடப்பவனின் கவனத்தை அதற்கு உவமை கூறுவது மரபு. அவன் முள்ளைக் கண்டு வழியை விட்டு ஓடுவதில்லை. விழிப்போடு நடந்து சேருமிடம் சேர்கிறான்.

35ஆம் அத்தியாயமாகிய ஃபாத்திரில் கஷ்யத் என்னும் சொல் வருமிடம் நம் சிந்தனைக்குரியது. வானிலிருந்து இறங்கும் மழை, பல நிறக் கனிகள், வெண்மையும் செம்மையும் கருமையுமான மலைப்பாறைக் கீற்றுகள், பல வண்ண மனிதர்கள், விலங்குகள், கால்நடைகள் ஆகியவற்றை அடுக்கிக் காட்டிய பின்னரே, இறைவனின் அடியார்களுள் அறிவுடையோரே அவனுக்கு அஞ்சுவர் என்னும் கருத்து அங்கே அமைகிறது. உலகைக் கூர்ந்து நோக்கிய கண்ணிலிருந்து அந்தப் பணிவு பிறக்கிறது. தாவரவியலும் நிலவியலும் பயிலும் மாணவரும் இவ்வறிவின் வாயிலில்தான் நிற்கின்றனர்.

திருவள்ளுவரும் அஞ்ச வேண்டுவதற்கு அஞ்சாமையைப் பேதைமை என்றும், அதற்கு அஞ்சுதல் அறிவுடையார் செயல் என்றும் வகுக்கிறார். இக்குறளை அவர் 'அறிவுடைமை' அதிகாரத்தில் வைத்திருப்பது குறிப்பிடத்தக்கது. அஞ்சத்தக்கது எது, தகாதது எது எனப் பிரித்தறிதலே அறிவு என்பது அதனால் பெறப்படும்.

பார்வை தரும் ஆறுதல்

இறைவன் பார்க்கிறான் என்னும் செய்தி திருக்குர்ஆனில் இரு வேறு மனிதர்களை நோக்கி, இரு வேறு குரல்களில் ஒலிக்கிறது. 96ஆம் அத்தியாயத்தில், தொழும் அடியாரைத் தடுக்கும் ஒருவனைக் குறித்து, இறைவன் பார்ப்பதை அவன் அறியவில்லையா என்னும் வினா எழுகிறது. இது கொடுமை செய்வோனுக்கான எச்சரிக்கை.

20ஆம் அத்தியாயமாகிய தாஹாவிலோ நிலைமை வேறு. ஃபிர்அவ்னிடம் செல்லுமாறு பணிக்கப்பட்ட மூஸா (அலை), ஹாரூன் (அலை) இருவரும், அவன் தங்கள் மீது வரம்பு மீறிவிடுவானோ என்று அஞ்சுவதாக முறையிடுகின்றனர். அஞ்ச வேண்டா, நான் உங்களோடு இருந்து கேட்டுக்கொண்டும் பார்த்துக்கொண்டும் இருக்கிறேன் என்னும் பொருளில் அவர்களுக்கு மறுமொழி வருகிறது. இங்கே இறைவனின் பார்வை அச்சத்தைப் போக்கும் காரணமாகக் கூறப்படுகிறது! 622இல் தவ்ர் குகையில், பகைவர் வாயிலருகே வந்து நின்றபோது, அண்ணல் நபி (ஸல்) தம் தோழர் அபூபக்கர் (ரலி) அவர்களுக்குக் கூறிய ஆறுதலும் இறைவன் நம்முடன் இருக்கிறான் என்பதேயாகும்.

ஒடுக்குவோனுக்கு எச்சரிக்கையாக வந்த அதே பார்வை, ஒடுக்கப்பட்டோனுக்கு அரணாக வருகிறது. நம் மேடைகள் முன்னதை உரக்கக் கூறுகின்றன. பின்னதும் அதே அளவு உரக்கக் கூறப்பட வேண்டும்.

கலீஃபா உமர் (ரலி) காலத்துப் பால்காரியின் மகள் பற்றிய வரலாறு பலரும் அறிந்தது. பாலில் நீர் கலக்கச் சொன்ன தாயிடம், உமர் பார்க்காவிடினும் உமரின் இறைவன் பார்க்கிறான் என்னும் கருத்துப்பட அப்பெண் மறுத்தாள் என்பர். இதனை அச்சத்திற்கு எடுத்துக்காட்டாகக் கூறுவது வழக்கம். கூர்ந்து நோக்கினால் அப்பெண்ணின் துணிவே முன்னிற்கக் காணலாம். வறுமைக்கும் அவள் அஞ்சவில்லை. தாயின் சினத்திற்கும் அஞ்சவில்லை. ஒரு விழிப்பு நெஞ்சில் நிலைத்ததால் ஏனைய அச்சங்கள் இடமின்றி அகன்றன.

இமாம் கஸ்ஸாலியின் ஆறு திங்கள்

அறிவுடையோர்க்கும் அச்சம் உண்டு என்பதற்கு இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்களின் வாழ்க்கை சான்றாகும். 1058இல் பாரசீகத்துத் தூஸ் நகரில் பிறந்த அவர், 1091இல் பக்தாத் நிஜாமிய்யாக் கல்விக்கூடத்தின் பேராசிரியரானார். அக்காலத்தில் அதனினும் உயர்ந்த ஆசிரியப் பதவி அரிது. ஆயினும் தம் கற்பித்தலின் உள்நோக்கத்தைத் தாமே ஆராய்ந்தபோது, புகழும் பதவியும் அதனை இயக்குவதாக அவர் கண்டார். விட்டு விலகவும் மனமில்லை, தொடரவும் முடியவில்லை. 1095இல் ஏறத்தாழ ஆறு திங்கள் இப்போராட்டம் நீடித்தது. முடிவில் வகுப்பில் ஒரு சொல்லும் எழாதவாறு நா கட்டுண்டது. உணவும் இறங்கவில்லை. மருத்துவர்களும் கைவிட்டனர். இவற்றையெல்லாம் 'அல் முன்கித் மினள் ளலால்' என்னும் தன்வரலாற்று நூலில் அவரே பதிவு செய்துள்ளார்.

பின்னர் அவர் பதவியைத் துறந்து திமிஷ்கு சென்று தனிமையில் இருந்தார். ஜெரூசலத்திற்கும் மக்காவிற்கும் பயணமானார். அவர் இழக்க அஞ்சியவை பெயரும் பதவியும் ஆகும். அவற்றை இழந்த பின்னரே தாம் தேடிய தெளிவு கிட்டியது என்பது அவர் வாக்குமூலம். 1106இல் நைசாபூரில் மீண்டும் கற்பிக்க வந்தபோது, முன்பு புகழ் தரும் கல்வியைப் போதித்ததாகவும், இப்போது புகழைத் துறக்கச் செய்யும் கல்வியைப் போதிப்பதாகவும் அவர் வேறுபடுத்திக் காட்டுகிறார். 1111இல் தூஸிலேயே மறைந்தார்.

விழிப்பின் வழிமுறை

இப்பட்டறிவின் கனியே 40 நூல்களைக் கொண்ட 'இஹ்யா உலூமித்தீன்'. அதன் 33ஆம் நூல் அச்சத்தையும் நம்பிக்கையையும் இணைத்தே பேசுகிறது. அச்சத்தை மனிதனை அறிவின்பாலும் செயலின்பாலும் செலுத்தும் சாட்டையாக அவர் காண்கிறார். சாட்டை பயணத்திற்கு உதவும் கருவி. அதுவே சேருமிடம் ஆகாது. எல்லை மீறிய அச்சம் நோயையும் நம்பிக்கையிழப்பையும் தந்து செயலைக் கெடுத்துவிடும் என்றும் அவர் எச்சரிக்கிறார்.

38ஆம் நூலில் இடையறா விழிப்பிற்கு ஆறு படிகள் கூறப்படுகின்றன. அறிவை வணிகனாகவும், மனத்தை அவனுடைய கூட்டாளியாகவும் உருவகித்து அவர் விளக்குகிறார். காலையில் மனத்தோடு உடன்படிக்கை செய்துகொள்ளல், பகலில் அதனைக் கண்காணித்தல், மாலையில் கணக்குப் பார்த்தல், குறைவு கண்டால் ஒறுத்தல், மேலும் முயலல், இடித்துரைத்தல் என்பன அப்படிகள். இவற்றுள் கண்காணித்தல் 'முராக்கபா' எனவும், கணக்குப் பார்த்தல் 'முஹாஸபா' எனவும் பெயர் பெறும். கடை கட்டுமுன் கல்லாவை எண்ணிப் பேரேட்டில் வரவு செலவு எழுதும் வணிகக் குடும்பங்கள் நம்மிடையே பல உண்டு. கணக்குப் பார்க்க அஞ்சும் வணிகன் தன் நட்டத்தை அறியமாட்டான், இலாபத்தையும் அறியமாட்டான். தன்னைத் தானே ஆராய்வதற்கு அஞ்சாமையே ஞானத்தின் முதற்படி.

இந்நெறியின் உச்சியை ஜிப்ரீல் (அலை) வருகை பற்றிய நபிமொழி காட்டுகிறது. 'இஹ்ஸான்' என்பது யாது என்னும் வினாவிற்கு, இறைவனை நேரில் காண்பது போல் வணங்குதல் என்பது முதல் விடை. அந்நிலை கைகூடாவிடின் அவன் நம்மைக் காண்கிறான் என உணர்தல் அடுத்த விடை. காணப்படுதலுக்கு முன்னர்க் காணுதல் வைக்கப்பட்டுள்ள முறைவைப்பை நாம் மறந்துவிடலாகாது.

அன்பில் முதிர்ந்த அறிவு

எட்டாம் நூற்றாண்டில் பஸராவில் வாழ்ந்த ராபியா (ரஹ்) அம்மையார் ஒரு கையில் நெருப்பும் மறுகையில் நீரும் ஏந்தி நடந்ததாக ஒரு கதை வழங்குகிறது. சுவர்க்கத்தை எரித்து நரகத்தை அணைத்துவிட்டால், மக்கள் இறைவனை அவனுக்காகவே வணங்குவர் என்பது அதன் கருத்து. நரகம் உண்டு என்பதை அவர் மறுக்கவில்லை. வணக்கத்தின் வேர் அன்பாக இருத்தல் வேண்டும் என்பதே அவர் வற்புறுத்தியது.

இவ்வன்புநெறி தமிழிலும் தழைத்தது. தொண்டிக்கு அருகிலுள்ள குணங்குடியில் பிறந்து, வட சென்னையில் வாழ்ந்து, 1838இல் மறைந்த குணங்குடி மஸ்தான் சாகிபு, பராபரக்கண்ணி, எக்காலக்கண்ணி, மனோன்மணிக்கண்ணி முதலியவற்றைப் பாடினார். தாயுமானவர் பாடிய கண்ணி வடிவத்தையே கைக்கொண்டு, இறைவனிடம் அழுதும் முறையிட்டும் உரிமையோடு நெருங்குகிறார். மனோன்மணிக்கண்ணியில் பரம்பொருளைக் காதலியாகவே பாவிக்கிறார். ஒறுப்பவனை எண்ணி நடுங்குபவனிடம் இந்த உரிமைக்குரல் எழாது. அச்சம் அறிவாகி, அறிவு அன்பாகக் கனிந்தமைக்கு அவர் பாடல்கள் சான்று. திருத்தணிகைச் சரவணப்பெருமாளையர் அவர்மீது நான்மணிமாலை பாடியது, அக்குரல் சமய எல்லை கடந்து கேட்கப்பட்டதைக் காட்டும்.

முடிவுரை

இறைநேசர்களுக்கு அச்சமும் இல்லை, துயரமும் இல்லை என்னும் கருத்து 10ஆம் அத்தியாயத்தில் வருகிறது. இறையச்சத்தின் முடிவு அச்சமின்மை என்பது இதனால் தெளிவாகிறது. இத்தெளிவோடு 'இறையச்சம்' என்னும் சொல்லை நாம் தொடர்ந்து ஆளலாம். சொல்லை மாற்ற வேண்டுவதில்லை. பிள்ளைகளுக்கு அதனைக் கற்பிக்கும்போது மூஸா (அலை) அவர்களுக்குக் கிடைத்த மறுமொழியையும் சேர்த்துக் கற்பிப்போமாக. தேர்வு அறையில் தனித்திருக்கும் மாணவனும், ஊரார் பேச்சிற்கு அஞ்சி உண்மையை அடக்கி வைத்திருக்கும் மாணவியும், தவறு செய்துவிட்டுத் திரும்பும் வழி தெரியாமல் நிற்கும் இளைஞனும், இறைவன் பார்க்கிறான் என்னும் ஒரு தொடரைக் கேட்கும்போது, தான் கைவிடப்படவில்லை என்பதையும் அதனுள் கேட்க வேண்டும். அவ்வாறு கேட்டவன் தவறு செய்யத் தயங்குவான், மெய்யுரைக்கத் தயங்கான்.