கொல்லைப்புறத்தில் ஒரு வளைவுக் குடில்: காற்றில் பறக்காமல் அமைப்பது எப்படி?

தக்காளி, கத்தரி, மிளகாய் நாற்று விடும் சிறு விவசாயிகளுக்கு ஐப்பசியும் கார்த்திகையும் சோதனையான மாதங்கள். மேட்டுப்பாத்தியில் விதைத்து, வைக்கோல் மூடி, பூவாளியால் நீர் தெளித்துக் காத்திருக்கையில் ஓர் இரவு கொட்டும் மழை போதும். விதை மேலே வந்துவிடும்; முளைத்தவை சாய்ந்துவிடும்; எஞ்சியவை நான்கு நாளில் நாற்றழுகலில் போய்விடும். வீட்டு விதையாக இருந்த காலத்தில் மறுபடி விதைத்தார்கள். இன்று வீரிய ஒட்டு விதையைக் கிராம் கணக்கில் விலை கொடுத்து வாங்கும்போது, ஒரு நாற்றங்கால் போனால் அந்தப் பட்டமே தவறிப்போகிறது.

இதற்குப் பெரிய பசுமைக்குடில் தேவையில்லை. கொல்லைப்புறத்தில் 10 அடி அகலம், 20 அடி நீளத்தில் வளைந்த குழாய்களால் ஒரு சிறு குடில் அமைத்துக்கொண்டால் ஏக்கர் நடவுக்கான நாற்று அதிலேயே கிடைக்கும். ஆனால் பல இடங்களில் இத்தகைய குடில்கள் முதல் ஆடியிலேயே பக்கத்துத் தோட்டத்தில் போய் விழுந்து கிடக்கின்றன. ஆடிக் காற்றில் அம்மி பறக்கிறதோ இல்லையோ, சரியாகக் கட்டாத குடில் பறக்கும். எனவே இங்கே கூறப்படுவதில் பெரும்பகுதி அதைத் தரையோடு பிடித்து வைப்பது பற்றியதே.

நமக்கு வேண்டியது கதகதப்பு அல்ல

வளைவுக் குடில் என்றதும் குளிர் நாடுகளின் படங்கள் நினைவுக்கு வரும். அங்கே வெப்பத்தை உள்ளே பிடித்து வைப்பதற்காக நான்கு புறமும் பாலித்தீன் தாளால் அடைக்கிறார்கள். உதகை, கொடைக்கானல் போன்ற மலைப்பகுதிகளில் மார்கழி, தை உறைபனிக்கு அது பொருந்தும். சமவெளியில் அப்படி அடைத்தால் சித்திரை வெயிலில் குடில் அடுப்பாகிவிடும், நாற்று வெந்துபோகும்.

நமக்கு இக்குடில் செய்ய வேண்டிய வேலை மூன்று. மழைத்துளி நேரே விழாமல் தடுப்பது, கோடை வெயிலைத் தணிப்பது, வெள்ளை ஈ நுழையாமல் காப்பது. தக்காளி இலைச்சுருள் நச்சுயிரியைப் பரப்புவது வெள்ளை ஈயே. நாற்றுப் பருவத்தில் அந்நோய் வந்த செடி பின்னர் காய்ப்பது அரிது. ஆகவே மேலே மட்டும் தாள். பக்கங்களிலும் இரு முனைகளிலும் பூச்சி தடுப்பு வலை. சட்டம் ஒன்று, கூரை இரண்டு என்று வைத்துக்கொள்வதே சமவெளிக்கு ஏற்றது. புரட்டாசி முதல் தை வரை பாலித்தீன் தாள். பங்குனி முதல் ஆனி வரை தாளைக் கழற்றிவிட்டு 50 சதவீத நிழல்வலை. தாள் பாதி ஆண்டு வெயிலில் காயாமல் வீட்டுக்குள் சுருட்டிக் கிடப்பதால் அதன் ஆயுளும் கூடும்.

காற்று தள்ளுவதில்லை, தூக்குகிறது

கூரை மேலே விழுந்துவிடுமோ என்று அஞ்சிப் பலர் தடித்த குழாயாகத் தேடுகிறார்கள். வளைந்த கூரைக்கு ஆபத்து அதுவன்று. காற்று அதன் மேல் வேகமாக வழுக்கிச் செல்லும்போது கூரையை மேல்நோக்கி உறிஞ்சுகிறது. உட்புறம் புகுந்த காற்றும் கீழிருந்து தள்ளுகிறது.

மணிக்கு 50 கிலோமீட்டர் வேகக் காற்றின் அழுத்தம் சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 12 கிலோ. வேகம் இரண்டு மடங்கானால் அழுத்தம் நான்கு மடங்காகும். 100 கிலோமீட்டர் வேகத்தில் அது 47 கிலோ. நமது குடில் மூடும் பரப்பு 18.6 சதுர மீட்டர். அந்த அழுத்தம் முழுவதும் தூக்கும் விசையாக மாறினால் 850 கிலோவுக்கு மேல். குடிலின் குழாய்கள் எல்லாம் சேர்ந்து 100 கிலோவைச் சற்றே தாண்டும். தாளோ ஐந்தாறு கிலோதான். மீதிப் பளுவைத் தரை தாங்கியாக வேண்டும். மண்ணில் ஓர் அடி செருகிய குழாய், அதுவும் மழையில் ஊறிய மண்ணில், இதைத் தாங்காது.

அடித்தளம்

முதலில் இடம். தென்னை மரத்தடி கூடாது. ஒரு மட்டை விழுந்தாலும் தாள் கிழியும். மழைநீர் தேங்கும் பள்ளமும் ஆகாது. நீளவாக்கு வடக்கு தெற்காக இருந்தால் இருபக்கமும் வெயில் சமமாகக் கிடைக்கும். ஆனால் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று வீசும் கோவை, பல்லடம், உடுமலை வட்டாரங்களிலும், தென்காசி, கம்பம் பக்கங்களிலும் குறுகிய முனை மேற்கு நோக்கி இருப்பதே நல்லது. இவ்வளவு சிறிய குடிலில் வெளிச்ச வேறுபாடு பெரிதல்ல. காற்றின் வேறுபாடு பெரிது.

நான்கு மூலைக்கும் முளையடித்துக் கயிறு கட்டியபின் மூலைக்கு மூலை அளந்து பார்க்க வேண்டும். இரு குறுக்களவும் 22 அடி 4 அங்குலம் வந்தால் சதுரம் சரி. இதில் பிசகினால் பின்னால் தாளில் சுருக்கம் விழும். அந்தச் சுருக்கத்தில் காற்று பிடித்துக்கொள்ளும்.

நீளப் பக்கம் ஒவ்வொன்றிலும் 4 அடிக்கு ஒன்றாக 6 குழிகள், ஆக 12. ஒவ்வொன்றும் ஓர் அடி சதுரம், ஒன்றே முக்கால் அடி ஆழம். ஓர் அங்குல ஜி.ஐ. குழாயை இரண்டரை அடித் துண்டுகளாக வெட்டிக்கொள்ள வேண்டும். துண்டின் கீழ்முனையருகே அரையடிக் கம்பியைக் குறுக்கே பற்றவைப்பது அவசியம். இல்லாவிட்டால் கான்கிரீட்டிலிருந்து துண்டு மட்டும் உருவிக்கொண்டு வந்துவிடும். துண்டின் முக்கால் அடி தரைக்கு மேல் நிற்கும்படி தூக்குக்குண்டு பார்த்து நிறுத்தி, சிமெண்ட் ஒன்று, மணல் மூன்று, ஜல்லி ஆறு என்ற விகிதத்தில் கான்கிரீட் இட வேண்டும். மூன்று மூட்டை சிமெண்ட் ஆகும். இறுகிய பின் ஒவ்வொரு கட்டியும் நூறு கிலோவுக்கு மேல் இருக்கும்; பன்னிரண்டும் சேர்ந்து மேலே சொன்ன 850 கிலோவைத் தாங்கிக்கொள்ளும். ஒரு வாரமாவது ஈரம் காயாமல் நீர் ஊற்றிவிட்டுப் பிறகே வளைவுகளை ஏற்ற வேண்டும். இந்த ஒரு வாரத்தைப் பொறுக்காதவர்கள் அதிகம்.

வளைவுகள்

20 அடி நீளமுள்ள முக்கால் அங்குல ஜி.ஐ. குழாய் ஆறு வாங்கி, வெல்டிங் பட்டறையில் ஒரே அச்சில் வளைத்துக்கொள்வது சிறந்தது. பத்தடி அகலத்துக்கு வளைத்தால் நடுவில் ஏழரை அடி உயரம் கிடைக்கும். தாராளமாக நிமிர்ந்து நடமாடலாம். ஓர் அங்குலக் குழாய்த் துண்டுக்குள் முக்கால் அங்குல வளைவு இறங்கும். வாங்கும்போதே கடையில் ஒன்றுக்குள் ஒன்றைச் செருகிப் பார்த்துவிட வேண்டும். வளைவின் நுனி தரைமட்டம் வரை இறங்கிய நிலையில் இரண்டையும் சேர்த்துத் துளையிட்டு போல்ட் போட்டு முடுக்க வேண்டும். செருகினால் போதும், தன் கனத்தில் நிற்கும் என்று இந்தப் பன்னிரண்டு போல்ட்டையும் மிச்சம் பிடிப்பவர்கள் உண்டு. கான்கிரீட் தரையிலேயே இருக்க, வளைவுகள் தாளோடு எழும்பிப் போவது அதனால்தான்.

பி.வி.சி. குழாய் விலை குறைவு, கையாலேயே வளையும். ஆனால் நம் வெயிலில் சில ஆண்டுகளில் வெளிறி நொறுங்கும். அதைத் தொடும் இடத்தில் பாலித்தீன் தாளும் விரைவில் கெடும். முழங்கால் உயரச் சிறு வளைவுகளுக்கு அது போதும்; ஏழரை அடிக் குடிலுக்கு வேண்டாம். இரும்பு வாங்க இயலாதவர்கள் முற்றிய மூங்கிலைப் பிளந்து வளைத்து, தரையில் புதையும் பகுதிக்குத் தார் பூசிப் பயன்படுத்தலாம். அப்போது வளைவுகளை 3 அடிக்கு ஒன்றாக நெருக்கி வைக்க வேண்டும். இரண்டு மூன்று ஆண்டில் மாற்றவும் நேரும்.

வளைவுகளை இணைக்க நீளவாக்கில் மூன்று குழாய்கள் தேவை. முகட்டுக் குழாய் வளைவுகளின் உட்புறமும், தரையிலிருந்து மூன்றரை அடி உயரத்தில் இருபக்கமும் ஓடும் குழாய்கள் வெளிப்புறமும் வரவேண்டும். கட்டுக்கம்பியால் கட்டினால் துருப்பிடித்துத் தளரும்; யு வடிவ போல்ட்டே ஏற்றது.

இவ்வளவு செய்தும் குடில் நீளவாக்கில் சீட்டுக்கட்டு போல் சாயக்கூடும். அதைத் தடுப்பது மூலைகளில் உள்ள சாய்வுக் குழாய். முனை வளைவில் ஐந்தரை அடி உயரத்திலிருந்து அடுத்த வளைவின் அடிவரை, ஏறக்குறைய 7 அடித் துண்டுகளாக, நான்கு மூலைகளிலும் கொடுக்க வேண்டும். நான்கு துண்டுக்கு இரண்டு குழாய்தான் செலவு. உறுதிக்கென்று கூடுதலாகப் பணம் செலவிட விரும்புகிறவர்கள் தடித்த குழாய்க்குச் செலவிடாமல் இதற்குச் செலவிடுவது புத்திசாலித்தனம்.

தாள் போர்த்துதல்

சாதாரண பாலித்தீன் ஓர் ஆண்டுகூட நிற்காது. புற ஊதாக்கதிர் தாங்கும் 200 மைக்ரான் தாள், கடையில் 800 கேஜ் என்றும் சொல்வார்கள், அதுவே வேண்டும். அகலம் 14 அடி, நீளம் 22 அடி. எந்தப் பக்கம் வெளியே வரவேண்டும் என்று தாளில் அச்சிட்டிருந்தால் பார்த்துக்கொள்க.

வெயிலில் சுட்ட இரும்பைத் தொடும் கோட்டில்தான் தாள் முதலில் இற்றுப்போகும். ஆகவே வளைவுகளின் மேற்புறத்துக்கு வெள்ளை வண்ணம் பூசிவிட வேண்டும். போல்ட் தலைகளில் பழைய துணியைச் சுற்றிவிட வேண்டும். காற்றில்லாத, ஆனால் வெயில் ஏறிய காலை வேளையில் போர்த்துவது முக்கியம். குளிர்ந்த விடியலில் இழுத்துக் கட்டிய தாள் மதியம் தளர்ந்து படபடக்கும். தாள் கிழிவது பெரும்பாலும் இந்தப் படபடப்பால்தான்.

முனை வளைவுகளிலும் பக்கக் குழாய்களிலும் அலுமினியப் பள்ளச் சட்டம் திருகி, நெளிவுக் கம்பியை அதில் அழுத்தித் தாளைப் பூட்டுவது பசுமைக்குடில்காரர்களின் முறை. ஆணி அடிப்பதையும் கயிற்றால் துளைத்துக் கட்டுவதையும்விட இது பன்மடங்கு மேல். வேண்டும்போது பத்து நிமிடத்தில் கழற்றலாம் என்பதே இதன் பெரும் பயன். அதன் அருமை புயல் வரும்போது தெரியும். மேலும் வளைவுகளுக்கு இடையே நைலான் கயிற்றைத் தாளின்மேல் ஒரு பக்கக் குழாயிலிருந்து மறுபக்கக் குழாய்க்கு இழுத்துக் கட்ட வேண்டும்.

பக்கங்களில் மூன்றரை அடி உயரத்துக்கும், இரு முனைகளிலும் முழுமையாகவும் 40 கண் பூச்சி தடுப்பு வலை. கீழ்விளிம்பை அரையடி மண்ணில் புதைக்க வேண்டும். இந்த வலை வெள்ளை ஈயைத் தடுக்கும். இலைப்பேன் அதைவிடச் சிறியது, முழுவதும் தடைபடும் என்று எண்ணக் கூடாது. ஒரு முனையில் சவுக்குச் சட்டத்தால் கதவு. கதவைத் திறந்து போட்டுவிட்டு வலைக்குச் செலவு செய்வதில் பயனில்லை.

5 சென்டிமீட்டர் மழைக்கு இந்தக் கூரையிலிருந்து 900 லிட்டருக்கு மேல் நீர் வழியும். இருபுறமும் ஓர் அடி அகல வாய்க்கால் வெட்டித் தோட்டத்துப் பக்கம் திருப்பிவிட வேண்டும். இல்லாவிட்டால் மேலே தடுத்த மழை கீழே பாத்திக்கு வந்து சேரும்.

எவ்வளவு நாற்று?

நடுவில் இரண்டடி நடைபாதை விட்டு இருபுறமும் மூன்றரை அடி அகலப் பாத்தி அமைத்தால் 98 குழித்தட்டுகள் ஏறக்குறைய 80 அடுக்கலாம்; 7,800 நாற்றுகள். மூன்றடிக்கு இரண்டடி இடைவெளியில் தக்காளி நட ஏக்கருக்கு 7,260 போதும். தக்காளி 25 நாளிலும் மிளகாய் 35 முதல் 40 நாளிலும் நடவுக்கு வந்துவிடும். மக்கிய தென்னை நார்க்கழிவில், கிலோ விதைக்கு 4 கிராம் டிரைக்கோடெர்மா விரிடி கலந்து விதைப்பது நாற்றழுகலைக் குறைக்கும். மழை நாட்களில் மாலையில் நீர் ஊற்றக் கூடாது. கூரை இருக்கிறது என்பதற்காக ஈரம் காய்ந்துவிடாது. குடிலுக்குள் கந்தகத் தூள் தூவுவதையும் தவிர்க்க வேண்டும். அது தாளைக் கெடுக்கும்.

அரசு மானியம் எதிர்பார்ப்பவர்கள் கட்டுவதற்கு முன்பே தோட்டக்கலை உதவி இயக்குநர் அலுவலகத்தில் விசாரித்துக்கொள்ள வேண்டும். அளவுக்கும் குழாய்க்கும் அவர்களுக்குத் தனி விதிகள் உண்டு.

புயல் எச்சரிக்கை வந்தால்

கட்டடங்களுக்கான இந்தியத் தர விதியில் சென்னைக்குக் குறித்த அடிப்படைக் காற்று வேகம் நொடிக்கு 50 மீட்டர், அதாவது மணிக்கு 180 கிலோமீட்டர். கோவைக்கும் மதுரைக்கும் 39 மீட்டர். 180 கிலோமீட்டர் வேகத்தில் அழுத்தம் சதுர மீட்டருக்கு 150 கிலோவைத் தாண்டும். கொல்லைப்புறக் குடில் எதுவும் தாளோடு அதை எதிர்த்து நிற்காது. 2011 டிசம்பர் 30-ல் கடலூர்க் கரையைத் தாக்கிய தானே புயலிலும், 2018 நவம்பர் 16-ல் வேதாரண்யம் அருகே கரை கடந்த கஜா புயலிலும் வேரூன்றிய மரங்களே சாய்ந்தன.

எனவே எச்சரிக்கை வந்ததும், காற்று எழுவதற்கு முன் பகலிலேயே, நெளிவுக் கம்பியை உருவித் தாளைக் கழற்றிவிட வேண்டும். இரண்டு பேர் போதும். நிழல்வலை போட்டிருந்தால் அதையும் கழற்ற வேண்டும். வலையும் காற்றைப் பிடிக்கும். குழித்தட்டுகளை வீட்டுத் திண்ணைக்கோ மாட்டுக் கொட்டகைக்கோ மாற்றி ஒன்றிரண்டு நாள் வைத்திருக்கலாம். அதற்குமேல் வெளிச்சமின்றி வைத்தால் நாற்று நீண்டு வெளிறும். காற்று ஓய்ந்ததும் பன்னிரண்டு போல்ட்டையும் ஒருமுறை முடுக்கி, அடிக்கட்டிகளைச் சுற்றி மண் அரித்திருந்தால் இட்டு நிரப்பி, வெயில் ஏறிய பின் தாளை மறுபடி போர்த்தலாம்.