மோட்டார்ப் பெட்டியின் மூன்று காவல்கள்

ஆரணியை அடுத்த முள்ளிப்பட்டு, பட்டு நெசவுக்குப் பேர்பெற்ற வட்டாரத்தைச் சேர்ந்த ஊர். தறியும் ஏரும் அருகருகே இயங்கும் இத்தகைய ஊர்களில் மின்சாரம் தொழிலுக்கும் கழனிக்கும் ஒருங்கே துணை நிற்கிறது. கிணற்று மோட்டாருக்கும், நூல் முறுக்கும் எந்திரத்துக்கும், ஊராட்சியின் குடிநீர்த் தொட்டிக்கு நீரேற்றும் மோட்டாருக்கும் தலைவாயிலாக இருப்பது சுவரில் மாட்டிய இரும்புப் பெட்டியே. இதனைப் பேனல் போர்டு என்று வழங்குகிறோம். இதற்குள் மூன்று காவல்கள் இருத்தல் வேண்டும். அவை ஒவ்வொன்றும் எதனைக் காக்கிறது என்பதை நாம் அறிந்துகொள்வது அவசியமாகும்.

முதற் காவல்: பியூஸ்

பியூஸ் காப்பது கம்பியை. 5 குதிரைத் திறனுள்ள மூன்று பேஸ் மோட்டார் முழுச் சுமையில் ஏறத்தாழ 7.5 ஆம்பியர் மின்னோட்டத்தை ஏற்கும். புறப்படும் வேளையில் அதனினும் பன்மடங்கு ஏற்பதால், பியூஸைச் சற்றுக் கூடுதலான அளவில், 15 ஆம்பியர் போல, அமைப்பர். அளவு மீறினால் அது உருகி வழியை அறுத்துவிடும். அடிக்கடி பியூஸ் போகிறதென்று சலித்து, அவ்விடத்தில் தடித்த செம்புக் கம்பியைச் சுற்றி வைப்போர் உண்டு. இது காவற்காரனை அனுப்பிவிட்டுக் கதவைத் திறந்து வைப்பதற்கு ஒப்பாகும்.

இரண்டாம் காவல்: ரிலே

ஸ்டார்ட்டரில் உள்ள ஓவர்லோடு ரிலே காப்பது மோட்டாரை. மூன்று பேஸில் ஒன்று அற்றுப்போனால் எஞ்சிய இரண்டில் மின்னோட்டம் மிகுந்து, காயில் கருகும். அதற்குமுன் மோட்டாரை நிறுத்துவதே ரிலேயின் பணி. மோட்டார் நிற்கிறதே என்று ஸ்டார்ட்டரைக் கயிற்றால் கட்டி வைத்தலும், குச்சி செருகி வைத்தலும் ஆகா. நின்ற மோட்டார் ஏதோ ஒரு பழுதைச் சொல்கிறது. அப்பழுதைத் தேடுவதே முறை.

மூன்றாம் காவல்: எர்த்து

மனிதரைக் காப்பது இதுவே. பெட்டிக்குள் ஒரு கம்பி தோலுரிந்து இரும்பைத் தொட்டால் பெட்டி முழுவதிலும் 230 வோல்ட் மின்னழுத்தம் ஏறும். எர்த்துக் குழியில் ஈரம் இருந்து தடை குறைவாக இருந்தால், மிகுந்த மின்னோட்டம் மண்ணுக்குள் பாய்ந்து பியூஸை உருக்கும். கோடையில் குழி வறண்டு தடை 50 ஓம் ஆகிவிட்டால், 230ஐ 50ஆல் வகுக்க, பாயும் மின்னோட்டம் 4.6 ஆம்பியரே. 15 ஆம்பியர் பியூஸ் இதற்கு அசையாது. பெட்டியோ உயிருள்ளதாகவே நிற்கும். ஈரக்காலுடன் வந்து அதைத் தொடும் உழவர் என்ன ஆவார்?

மனித உடலுக்குள் ஓர் ஆம்பியரின் ஆயிரத்தில் சில பத்துப் பங்கு பாய்ந்தாலே உயிருக்கு ஆபத்து. எனவே பியூஸை மட்டும் நம்பியிராமல், மின்கசிவைக் கண்டு உடனே அறுக்கும் கருவியையும் பொருத்துதல் வேண்டும். 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே அறுக்கும் வகை மனிதரைக் காக்க ஏற்றது. அதிலுள்ள சோதனைப் பொத்தானை மாதந்தோறும் அழுத்திப் பார்த்தல் நலம்.

சட்டம் கூறுவது

மூன்று பேஸ் மோட்டாரின் உடலுக்குத் தனித்தனியே இரண்டு எர்த்து இணைப்புகள் வேண்டுமென்று 1956ஆம் ஆண்டின் இந்திய மின்சார விதிகளே வகுத்தன. மத்திய மின்சார ஆணையம் 2023இல் வெளியிட்ட பாதுகாப்பு ஒழுங்குமுறைகளிலும் இத்தேவை தொடர்கிறது. அபாய அறிவிப்புப் பலகை வைத்தலும் கட்டாயமாகும்.

ஊராட்சி செய்யத்தக்கவை

1. குடிநீர் மோட்டார் அறையை முதலில் சீர்செய்து ஊருக்கு வழிகாட்டுக.
2. கோடையில் எர்த்துக் குழிகளில் நீர் ஊற்றச் செய்க. உரிமம் பெற்ற மின் பணியாளரைக் கொண்டு ஆண்டுக்கொரு முறை தடையை அளந்து, பெட்டியின் கதவில் எழுதி வைக்கச் செய்க.
3. பெட்டிகளைப் பூட்டி, மழைச் சாரல் படாமல் காத்திடுக.
4. அறுந்த மின்கம்பியைக் கண்டால் எவரையும் அணுகவிடாது, மின்னகத்தின் 94987 94987 என்ற எண்ணுக்கு அறிவித்திடுக.
5. மின்சாரம் தாக்கியவரை வெறுங்கையால் தொடற்க. முதலில் மெயின் சுவிட்சை நிறுத்தி, பிறகு 108ஐ அழைத்திடுக.

செம்புக் கம்பி வைத்துக் காக்கும் நேரம் சில நிமிடமே. அதனால் இழக்க நேரிடுவதோ ஒரு குடும்பத்தின் உழைக்கும் கை. அடுத்த ஊராட்சிக் கூட்டம் கூடுமுன் நம் ஊரின் பெட்டிகள் அனைத்தையும் ஒருமுறை திறந்து பார்த்துவிடுவோமாக.