சேய்மைக் களஞ்சியமும் ஏவல் வினையும்

புத்தளத்து உப்பளங்களைத் தழுவி வருங் காற்று உடலுக்கு இதமானது. இரும்புக்கோ அது பகை. கற்பிட்டி தொட்டுச் சிலாபம் வரையுள்ள கரையூர்களிற் கதவுத் தாழ் துருவேறுதல் யாவரும் அறிந்ததே. நம் அலுமாரியிலிருந்த வன்தட்டும் அக்காற்றுக்குத் தப்பவில்லை. கல்லூரியின் பழைய மலர்கள் சிலவற்றின் ஒளிப்பிரதிகளும், உடப்புக் கரைவலைத் தொழிலாளர் பாடிய அம்பாப் பாடல்களின் ஒலிப்பதிவுகளும் அதனுள்ளேதான் இருந்தன. தட்டு முனகத் தொடங்கிய போதுதான் நாம் விழித்துக்கொண்டோம்.

ஒரே இடத்தில் ஒரே பிரதி வைத்திருத்தலின் கேடு தமிழருக்குப் புதிதன்று. 1981 ஆம் ஆண்டு யாழ்ப்பாணப் பொதுநூலகம் எரிந்தபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பராயின; அவற்றுட் சில வேறெங்கும் பிரதி இல்லாதவை. 2005 ஆம் ஆண்டு தொடங்கிய 'நூலகம்' எண்ணிம நூலகத் திட்டத்தின் பயனை உணர அந்நெருப்பை நினைத்தாலே போதும். நாமும் நம் சிறு செல்வத்தைச் சேய்மைக்கு அனுப்பத் துணிந்தோம். வெளிநாட்டில் வாழும் பழைய மாணவர் ஒருவர் களஞ்சியக் கொத்தணி ஒன்றில் நமக்கு இடம் பெற்றுத் தந்தார்.

கொத்தணி என்பது யாது? பல கணினிகள் ஒன்றுசேர்ந்து ஒரே களஞ்சியம் போற் பணிபுரிதலே அது. அவ்விடத்து வழங்கும் மென்பொருளின் பெயர் 'செப்'. கலிபோர்னியாவிலுள்ள சாந்தா குறூஸ் பல்கலைக்கழகத்திற் சேஜ் வைல் என்பார் செய்த ஆய்விற் பிறந்தது அது. கணவாய் இனத்தைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லின் சுருக்கமே அப்பெயராதலின் நம் கரையாருக்கு அஃது அந்நியமன்று. அது பொதுவழக்கில் ஒவ்வொரு பொருளையும் மூன்று பிரதிகளாக்கி வெவ்வேறு தட்டுகளில் வைக்கும். ஒரு தட்டுப் பழுதுற்றால் எஞ்சிய பிரதிகளிலிருந்து புதிதொன்றைத் தானே ஆக்கிக்கொள்ளும்.

இக்களஞ்சியத்தோடு பேசுதற்கு நாம் கைக்கொண்டது, ஆங்கில நாட்டு நிக் கிறெயிக்-வூட் என்பார் இயற்றிய 'ஆர்குளோன்' என்னுங் கருவி. இதிற் சுட்டியும் படங்களும் இல்லை. கட்டளைவரியில் எழுத்தாலேயே ஏவவேண்டும். தமிழாசிரியருக்கு இஃது இன்பமே. ஏவல் வினையும் பெயர்களும் அன்றி இங்கு வேறொன்றுமில்லை. 'ஆர்குளோன் கொன்பிக்' என்று எழுதியதும் கருவி வினாக்களைத் தொடுக்கும். புதிய தொடர்புக்குப் பெயர் யாது? நாம் 'கணவாய்' என்றோம். களஞ்சியத்தின் வகை யாது? 2006 இல் அமேசன் நிறுவனம் தொடங்கிய 'எஸ் மூன்று' முறை என்றோம். செப் அம்முறையிலும் பேசவல்லது. பின்னர் அணுகு திறப்பு, இரகசியத் திறப்பு, கொத்தணியின் முகவரி ஆகியவற்றைக் கொடுத்தோம்.

இத்திறப்புகள் ஒரு சிறு கோப்பிற் பதியப்படும். அக்கோப்பைக் கைப்பற்றியவர் களஞ்சியத்தையே கைப்பற்றியவராவர். கடவுச்சொல்லிட்டு அதனைப் பூட்டும் வழி அதே வினாவரிசையில் உண்டு. பலர் அதனைப் பொருட்படுத்துவதில்லை.

முதலில் நம்மைக் கொத்தணி ஏற்கவில்லை. திறப்பு பிழையோ என்று இரு நாள் தேடினோம். பிழை மணிக்கூட்டில் இருந்தது! நம் பழைய கணினியின் மின்கலம் செத்திருந்தமையால், மின்வெட்டுக்குப் பின் அதன் நேரம் பின்தங்கியிருந்தது. ஒவ்வொரு விண்ணப்பத்திலும் நேரம் பொறிக்கப்படும். 15 நிமிடத்துக்கு மேல் வேறுபட்டாற் களஞ்சியம் மறுத்துவிடும். நேரத்தைத் திருத்தியதும் வாயில் திறந்தது.

இனி, இலக்கணம். 'கொப்பி' என்னும் ஏவலையடுத்து இரு பெயர்கள் வரும். முன்னது நீங்கும் இடம். பின்னது சேரும் இடம். 'இலிருந்து' என்றோ 'க்கு' என்றோ உருபு இல்லை. நிற்கும் இடமே வேற்றுமையை உணர்த்தும். 'புலி கொல் யானை' என்னுந் தொடரிற் கொன்றது எது, கொல்லப்பட்டது எது என்று மாணாக்கர் தடுமாறுவதுண்டு. இங்குத் தடுமாறினாற் போவது மதிப்பெண் அன்று. 'கணவாய்' என்பதையடுத்து முக்காற்புள்ளி இடல்வேண்டும். அதை மறந்தால் நம் கணினியிலேயே அப்பெயரிற் கோப்புறை ஒன்று தோன்றும், பொருளெல்லாம் கடல் கடந்ததாக நாமும் எண்ணியிருப்போம். குறியீட்டிலக்கணத்தை அற்பமென்பாருக்கு இதனைக் காட்டலாம்.

2022 ஆம் ஆண்டில் நாளொன்றுக்கு 13 மணி நேரம் வரை மின்வெட்டு இருந்ததை நாம் மறக்கவில்லை. ஆதலின் பெருங்கோப்புகளை மலர் மலராகப் பிரித்தே ஏற்றினோம். இடையில் மின் அறுந்தாலும் ஏறியவை ஏறியவையே; மீண்டும் அதே ஏவலை இட்டால் எஞ்சியவை மட்டுமே செல்லும். பாதியில் நின்ற கோப்பு மட்டும் முதலிலிருந்து தொடங்கும். முடிவில் 'செக்' என்று ஏவினால் இருபுறமும் ஒத்துள்ளனவா என ஒப்புநோக்கிச் சொல்லும்.

எல்லாம் ஏறிய சில வாரங்களிற் பழைய தட்டு ஓய்ந்தது. புதிய தட்டு வாங்கி, அதே பெயரில் வெறுங் கோப்புறை ஒன்றை ஆக்கினோம். அதனை நிரப்ப எண்ணி, 'கொப்பி' என்பதற்குப் பதிலாக 'சிங்க்' என்னும் ஏவலை இட்டோம். பெயர்களையும் முன்போலவே நம் கோப்புறை முன்னும் கணவாய் பின்னுமாக எழுதிவிட்டோம். 'சிங்க்' என்பது சேருமிடத்தை நீங்குமிடத்தின் நிழலாக்கும் ஏவல். நீங்குமிடத்தில் இல்லாதது சேருமிடத்திலும் இருக்கலாகாது என்பது அதன் பொருள். நீங்குமிடமோ வெறுமை. கொத்தணி நம் சொற்கு மறுசொல் கூறாது மூன்று பிரதிகளையும் அழித்தது. மூன்று பிரதி தட்டின் பழுதுக்குக் காப்பு. உரியவன் இட்ட ஏவலுக்கு அன்று.

மலர்கள் முழுவதும் கொழும்பிலுள்ள அன்பர் ஒருவரின் மடிக்கணினியில் இருந்தமையால் மீண்டன. பாடல்களிற் பெரும்பாலானவையும் மீண்டன. இரு ஒலிநாடாக்களின் பதிவுகள் மட்டும் மீளவில்லை. அந்நாடாக்கள் பதிவு செய்த வேளையிலேயே அறுந்து போயிருந்தன.

இப்பொழுது பழைய பதிப்புகளையும் விடாது காக்கும் ஏற்பாட்டைக் கொத்தணியிற் செய்துள்ளோம், அழித்தாலும் மீட்கலாம். 'சிங்க்' இடுமுன் 'டிறை றன்' என்று சேர்த்தெழுதினால், ஒன்றையும் மாற்றாது, நிகழவிருப்பதை மட்டும் கருவி காட்டும். புதுத் தோணியைக் கடலில் இறக்கிப் பார்க்கும் வெள்ளோட்டமே அது.

அவ்விரு நாடாக்களிற் பாடிய முதியவர் இன்று இல்லை. அவருடன் வலையிழுத்த ஒருவர் நினைவிலிருந்த அடிகளை நமக்குப் பாடித் தந்தார். அப்பதிவு சென்ற மாதம் ஏறியது, வெள்ளோட்டம் பார்த்த பின்னர்.