நீலத் தொப்பிக்குக் கீழே

உலக அரசியலில் கனடாவுக்கு மட்டும் ஒரு தனிச் சலுகை உண்டு. அமெரிக்கா என்றால் எண்ணெய், குண்டு, சி.ஐ.ஏ. என்று நம் நினைவு ஓடும். கனடா என்றால் மேப்பிள் இலை, பனி, வம்புக்குப் போகாத மனிதர்கள். வல்லரசும் அல்லாத, சிறு நாடும் அல்லாத நடுத்தர வலிமைக்கு உதாரணம் கேட்டால் அரசியல் பேராசிரியர்கள் முதலில் கனடாவைத்தான் காட்டுவார்கள். அந்த நல்ல பெயர் பொய்யில்லை. ஆனால் அதன் கணக்குப் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தவர்கள் குறைவு.

நம்பிக்கை: அமைதிப்படை கனடாவின் நல்லெண்ணத்தில் பிறந்தது, உலகமே கைதட்டியது.

1956 அக்டோபர் கடைசி. சூயஸ் கால்வாயை எகிப்து அதிபர் நாசர் நாட்டுடைமையாக்கிய கோபத்தில் பிரிட்டனும் பிரான்சும் இஸ்ரேலோடு ரகசியமாகப் பேசி வைத்துக்கொண்டு எகிப்தைத் தாக்கின. அமெரிக்க அதிபர் ஐசனோவரிடம் மூச்சு விடவில்லை. அவர் கொதித்துப்போனார். பங்காளிச் சண்டையில் இரண்டு பக்கமும் வேண்டியவன் படும் பாடுதான் அப்போது கனடாவுடையது. ஒரு பக்கம் தாய்நாடு என்று பாதிப் பேர் நினைத்த பிரிட்டன், மறுபக்கம் எல்லையை ஒட்டிய அமெரிக்கா. நேட்டோ கூட்டணிக்கு அப்போது வயது ஏழுதான். அது உடைந்தால் முதலில் அடிபடுவது கனடா.

வெளியுறவு அமைச்சர் லெஸ்டர் பியர்சன் நியூயார்க்கில் இரவு பகலாக அலைந்து ஒரு வழி கண்டார். ஐ.நா.வின் பெயரில் ஒரு படை நடுவில் போய் நிற்கட்டும். பிரிட்டனும் பிரான்சும் முகம் கெடாமல் வெளியேறட்டும். நவம்பர் 4 அன்று பொதுச்சபை அதை 57 வாக்குகளில் ஏற்றது. எதிர்ப்பு ஒன்றுகூட இல்லை, 19 நாடுகள் ஒதுங்கி நின்றன. எகிப்தியர்களின் உயிரைக் காக்கும் எண்ணம் அவருக்கு இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் அந்தப் படையின் முதல் வேலை கனடாவின் இரண்டு கூட்டாளிகளை மீண்டும் பேச வைப்பது.

பிறகு நடந்ததுதான் வேடிக்கை. கனடா அனுப்பத் தேர்ந்தெடுத்த பட்டாளத்தின் பெயர் ‘ராணியின் சொந்தத் துப்பாக்கிப் படை’. பெயரில் பிரிட்டிஷ் ராணி, சீருடை பிரிட்டிஷ் சாயல், நாட்டுக் கொடியின் மூலையில் யூனியன் ஜாக். நேற்றுவரை குண்டு போட்டவர்களையும் இவர்களையும் எங்கள் மக்கள் எப்படிப் பிரித்தறிவார்கள் என்று எகிப்து கேட்டது. கேள்வியில் தப்பில்லையே. ஹாலிஃபாக்ஸ் துறைமுகம்வரை வந்துவிட்ட அந்தப் பட்டாளம் கப்பலேறவே இல்லை. அதற்குப் பதிலாகத் தகவல் தொடர்பு, போக்குவரத்து, பழுதுபார்ப்பு ஆட்கள் போனார்கள். ஐ.நா. வீரர்களை அடையாளம் காட்ட அமெரிக்கத் தலைக்கவசங்களுக்கு அவசரமாக நீலச் சாயம் அடித்ததும் அந்த நாட்களில்தான். 1965இல் மேப்பிள் இலைக் கொடியைக் கொண்டுவந்தவர், அப்போது பிரதமராக இருந்த அதே பியர்சன். சூயஸில் பட்டது அதற்கு ஒரு தூண்டுதல் என்பார்கள் வரலாற்றாசிரியர்கள்.

கைதட்டல்? உள்நாட்டில் எதிர்க்கட்சியும் ஆங்கிலோ-கனடியர்களில் பலரும் பிரிட்டனுக்குத் துரோகம் செய்துவிட்டார்கள் என்று திட்டினார்கள். 1957 ஜூன் தேர்தலில், வேறு காரணங்களும் சேர்ந்து, 22 ஆண்டுகள் ஆண்ட லிபரல் கட்சி தோற்றது. அக்டோபரில் நோபல் அமைதிப் பரிசு அறிவிக்கப்பட்டபோது பியர்சன் எதிர்க்கட்சி வரிசையில் உட்கார்ந்திருந்தார்.

நம்பிக்கை: கனடா அணு ஆயுதத்தைத் தொட்டதே இல்லை.

சொந்தமாகச் செய்ததில்லை என்பது சரி. வாங்கி வைத்திருந்தது. அமெரிக்காவிடம் வாங்கிய போமார்க் ஏவுகணைகளை ஒன்டாரியோவின் நார்த் பே, கியூபெக்கின் லா மக்காசா ஆகிய இடங்களில் நிறுத்திவிட்டு, அவற்றின் தலையில் அணுகுண்டு பொருத்துவதா வேண்டாமா என்று பிரதமர் டீஃபன்பேக்கர் ஆண்டுக்கணக்கில் இழுத்தடித்தார். அமெரிக்கா எரிச்சலடைந்தது, அமைச்சரவை உடைந்தது, 1963 தொடக்கத்தில் அரசு கவிழ்ந்தது. அந்த ஜனவரி 12ஆம் தேதி, அதுவரை அணு ஆயுதம் கூடாது என்று சொல்லிவந்த பியர்சன், கொடுத்த வாக்கைக் காப்பாற்ற அவற்றை ஏற்றுக்கொள்ளத்தான் வேண்டும் என்று ஒரு கூட்டத்தில் மாற்றிப் பேசினார். கூட்டம் நடந்தது இன்று தமிழ்க் கடைப் பெயர்ப்பலகைகள் வரிசை கட்டி நிற்கும் ஸ்காபரோவில். ஏப்ரலில் பிரதமரானார். டிசம்பர் கடைசியில் நார்த் பேக்கு அணுகுண்டுகள் வந்து சேர்ந்தன. அமைதிப் பரிசு வாங்கியவர் கையால்.

அந்தத் திருப்பத்தைக் கண்டு கொதித்து எழுதியவர்களில் ஒருவர் பியர் ட்ரூடோ என்ற சட்டப் பேராசிரியர். இரண்டே ஆண்டில் அதே பியர்சனின் கட்சியில் சேர்ந்தார், 1968இல் பிரதமரானார். கடைசி அணு ஆயுதம் கனடாவை விட்டுப் போனது 1984இல்.

இதில் நமக்கும் ஒரு கிளைக்கதை உண்டு. மும்பைக்கு அருகே டிராம்பேயில் இருந்த சைரஸ் அணு உலை கொழும்புத் திட்டத்தின் கீழ்க் கனடா கொடுத்தது. அமைதிப் பணிக்கு மட்டும் என்பது நிபந்தனை. 1974இல் பொக்ரானில் வெடித்ததன் புளூட்டோனியம் அங்கிருந்து வந்தது. ‘அமைதிக்கான வெடிப்பு’ என்றது டெல்லி. ஒட்டாவா நம்பவில்லை, உதவியை நிறுத்தியது. பாதியில் நின்ற ராஜஸ்தான் இரண்டாவது உலையை இந்தியப் பொறியாளர்களே முடித்தார்கள். அதே கனடிய வம்சாவளியில் கல்பாக்கத்தில் இரண்டு உலைகளைக் கட்டினார்கள். கோபம் தணிந்து மறுபடி ஒப்பந்தம் போட 2010 ஆயிற்று.

நம்பிக்கை: அமெரிக்காவின் போர்களுக்குக் கனடா துணிந்து ‘முடியாது’ என்றது.

சொன்னது. இரண்டு பெரிய தடவை. அந்த ‘முடியாது’களுக்கு அடியில் இருந்த சின்ன எழுத்துகளைப் படித்தால்தான் இந்த நாட்டின் கொள்கை புரியும் என்பது என் எண்ணம்.

வியட்நாமுக்குக் கனடா படை அனுப்பவில்லை. 1965 ஏப்ரல் 2 அன்று பிலடெல்பியாவின் டெம்பிள் பல்கலைக்கழகத்தில், வட வியட்நாம் மீது குண்டு வீசுவதைச் சற்று நிறுத்திப் பாருங்கள் என்றார் பியர்சன். மிக மென்மையான யோசனைதான். ஆனால் சொன்ன இடம் அமெரிக்க மண். அடுத்த நாள் கேம்ப் டேவிடில் அதிபர் ஜான்சன் அவரை வறுத்தெடுத்தார். போருக்குப் போக மறுத்த அமெரிக்க இளைஞர்கள் ஆயிரக்கணக்கில் கனடாவுக்குள் வந்தார்கள். எதிர்த்திசையில் அமெரிக்கப் படையில் சேரப் போன கனடிய இளைஞர்களும் ஆயிரக்கணக்கில் இருந்தார்கள். 1950களின் இறுதியில் போட்ட ஆயுத உற்பத்திப் பங்கீட்டு உடன்பாட்டின்படி வெடிமருந்தும் விமானப் பாகங்களும் தெற்கே போய்க்கொண்டே இருந்தன. வியட்நாம் காடுகளில் தெளித்த ஏஜென்ட் ஆரஞ்ச் நஞ்சை 1966இலும் 1967இலும் நியூ பிரன்ஸ்விக் மாகாணத்தின் கேஜ்டவுன் ராணுவத் தளத்தில் வைத்துச் சோதித்தார்கள். வியட்நாமில் 1954 ஜெனீவா உடன்பாட்டைக் கண்காணிக்க அமைத்த மூன்று நாட்டு ஆணையத்தில் இந்தியா தலைமை, போலந்தும் கனடாவும் உறுப்பினர்கள். அந்த ஆணையத்தின் கனடியப் பிரதிநிதி பிளேர் சீபோர்ன் 1964–65இல் பலமுறை ஹனோய்க்குப் போனார், அமெரிக்காவின் எச்சரிக்கைகளைச் சுமந்துகொண்டு.

இராக்கும் அப்படித்தான். 2003 மார்ச் 17 அன்று பிரதமர் ஷான் கிரெட்டியென் நாடாளுமன்றத்தில் எழுந்து, ஐ.நா. பாதுகாப்பு அவையின் ஒப்புதல் இல்லாவிட்டால் கனடா சேராது என்றார். அவருடைய கட்சியினர் எழுந்து நின்று ஆரவாரித்தார்கள். அதே நேரம் வளைகுடாப் பகுதியில் ஆப்கன் நடவடிக்கையின் பெயரில் கூட்டணிக் கப்பல் அணி ஒன்றுக்குத் தலைமை தாங்கியது கனடியக் கடற்படை. அமெரிக்க, பிரிட்டிஷ் படைப்பிரிவுகளில் பரிமாற்றத்தில் இருந்த கனடிய அதிகாரிகளையும் திருப்பி அழைக்கவில்லை. அப்படிப் போனவர்களில் ஒருவர் வால்டர் நட்டின்சிக். 2004இல் இராக்கில் அமெரிக்கப் படைத் தலைமையில் துணைத் தளபதி. 2008இல் கனடிய முப்படைகளின் தலைவர்.

இதை இரட்டை வேடம் என்று திட்டுவது எளிது. எனக்கு அப்படித் தோன்றவில்லை. தன் ஏற்றுமதியில் பெரும்பங்கை ஒரே அண்டை நாட்டுக்கு விற்கும் நாடு, அந்த நாட்டின் போருக்கு வெளிப்படையாக மறுப்புச் சொல்வது சாதாரணமில்லை. அதன் விலையைக் கனடா சில்லறையாகக் கொடுத்தது. என் குறை வேறு: அந்தச் சில்லறையைத் தன் மக்களிடம் எண்ணிக் காட்டவில்லை.

நம்பிக்கை: நீலத் தொப்பி அணிந்தவர்களில் கனடியர்களே அதிகம்.

ஒரு காலத்தில் கிட்டத்தட்ட அப்படித்தான். 1993 வாக்கில் 3,300 பேர் வரை ஐ.நா. பணியில் இருந்தார்கள். அதே ஆண்டு சோமாலியாவில் கனடிய வான்குடைப் படையினர் ஒரு பதின்வயதுச் சிறுவனை அடித்தே கொன்றார்கள். 1995இல் அந்தப் படைப்பிரிவையே கலைக்க வேண்டிவந்தது. ருவாண்டாவில் 1994 படுகொலையின்போது ஐ.நா. படைக்குத் தலைமை வகித்த கனடியத் தளபதி ரோமியோ டலேர், கூடுதல் ஆள் கேட்டும் கிடைக்காமல் கையைப் பிசைந்து நின்றார். அதன் பிறகு எண்ணிக்கை சரிந்தது. இன்று நீலத் தொப்பியை அதிகம் அணிபவர்கள் நேபாளிகள், வங்கதேசத்தவர்கள், ருவாண்டர்கள், இந்தியர்கள். கனடியச் சிப்பாய்கள் பெருமளவில் போன இடம் ஆப்கானிஸ்தான். அது போர்முனை, 158 வீரர்கள் திரும்பவில்லை. 10 டாலர் நோட்டில் அமைதிப்படை வீரரின் படம் அச்சானது 2001இல், அந்தப் பணி தேய்ந்துகொண்டிருந்தபோது.

உதவித்தொகை விஷயமும் இதே ரகம். பணக்கார நாடுகள் தேசிய வருமானத்தில் 0.7 விழுக்காட்டை ஏழை நாடுகளுக்குத் தர வேண்டும் என்று 1969இல் பரிந்துரைத்த குழுவின் தலைவர் பியர்சன்தான். கனடா ஒருமுறைகூட அந்தக் கோட்டைத் தொட்டதில்லை.

நம்பிக்கை: டொராண்டோ தமிழர் வாக்குக்காகத்தான் ஒட்டாவா கொழும்பைக் கண்டிக்கிறது.

கொழும்பில் இது வேதவாக்கு. கால வரிசையைப் பார்ப்போம். 2006 ஏப்ரலில் விடுதலைப் புலிகளைத் தடை செய்தது ஸ்டீபன் ஹார்ப்பரின் அரசு. 2009 மே மாதம் டொராண்டோவின் கார்டினர் நெடுஞ்சாலையை ஆயிரக்கணக்கான தமிழர்கள் மறித்து உட்கார்ந்தார்கள். இலங்கைப் போரின் போக்கில் ஒட்டாவாவால் எதுவும் மாறவில்லை. 2010 ஆகஸ்டில் 492 பேருடன் வந்த சன் சீ கப்பலின் தமிழ் அகதிகளைச் சிறைவைத்ததும் அதே ஹார்ப்பர் அரசுதான். 2013இல் கொழும்பு காமன்வெல்த் மாநாட்டுக்குப் போக மறுத்தவரும் அவர்தான். வாக்கு ஒன்றுதான் கணக்கு என்றால் முதல் மூன்றும் நடந்திருக்காது. மே 18ஐத் தமிழ் இனப்படுகொலை நினைவு நாளாக ஏற்ற 2022 நாடாளுமன்றத் தீர்மானத்திலும் 2023 ஜனவரியில் இரண்டு ராஜபக்சக்கள் மீது வந்த தடையிலும் வாக்குகளுக்குப் பங்கில்லை என்று நான் வாதாடப்போவதில்லை. ஆனால் அதற்குள் போர் முடிந்து 13 ஆண்டு ஓடிவிட்டது. ஒட்டாவாவுக்கு அதில் இழக்க அதிகம் இல்லை.

நம்பிக்கை: யானைக்குப் பக்கத்தில் படுத்தவனுக்குச் சொந்தக் கொள்கை ஏது?

யானை உவமையை 1969இல் வாஷிங்டனுக்கே போய்ச் சொன்னவர் பியர் ட்ரூடோ. அடுத்த ஆண்டே அவர் அரசு, அமெரிக்காவுக்கு முன்பாக, மக்கள் சீனத்தை அங்கீகரித்தது. கியூபாவோடு கனடா உறவை முறித்ததே இல்லை.

எனக்குப் பிடித்த உதாரணம் வடக்கில் இருக்கிறது. ஆர்க்டிக் தீவுகளுக்கு இடையே போகும் வடமேற்குக் கடல்வழி தன் உள்நாட்டு நீர் என்பது கனடாவின் வாதம். அது சர்வதேச நீரிணை என்பது அமெரிக்காவின் வாதம். 1985இல் போலார் சீ என்ற அமெரிக்கப் பனியுடைப்புக் கப்பல் அனுமதி கேட்காமல் அந்த வழியே போனது. கனடாவில் பெரும் கூச்சல். மூன்று ஆண்டுகள் பேசி 1988 ஜனவரியில் ஓர் ஒப்பந்தம் போட்டார்கள். அமெரிக்கப் பனியுடைப்புக் கப்பல்கள் இனிக் கனடாவின் சம்மதத்தோடு போகும்; அப்படிக் கேட்பதாலோ கொடுப்பதாலோ யாருடைய சட்ட வாதமும் மாறாது. கேட்பவர் ‘கேட்க வேண்டியதில்லை’ என்று எண்ணிக்கொண்டே கேட்கலாம். கொடுப்பவர் ‘இது என் வீடு’ என்று எண்ணிக்கொண்டே கொடுக்கலாம்.

அந்த அக்டோபரில் போலார் ஸ்டார் என்ற கப்பல் அனுமதி கேட்டது. கிடைத்தது.